ஷோப்பின் பன்னாட்டுப் பியானோ போட்டி

போலந்தின் தலைநகர் வார்சாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறுவது. ஃபிரெடெரிக் ஷோப்பின் (1810–1849) இயற்றியவற்றை மட்டுமே இதில் வாசிக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய இளைஞர்கள் விளையாட்டரங்குகளை மொய்ப்பதைக் கண்ட பியானோ ஆசிரியர் யெஷி ஜுராவ்லெவ், இசைக்கும் பந்தயம் வைத்தால் கூட்டம் வரும் எனக் கருதி 1927இல் இதைத் தொடங்கினார். முதற்பரிசு சோவியத் இளைஞர் லெவ் ஒபோரினுக்குக் கிடைத்தது. உடன் வந்த இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் நற்சான்றிதழோடு ஊர் திரும்பினார்.

1932இல் அலெக்சாண்டர் உனின்ஸ்கியும் கண்பார்வையற்ற ஹங்கேரியர் இம்ரே உங்காரும் சம மதிப்பெண் பெற, நாணயம் சுண்டி உனின்ஸ்கிக்கு முதலிடம் தந்தனர் என்பர். இரண்டாம் உலகப் போரினால் 1942இல் போட்டி இல்லை. 1949இல் நடுவர்கள் திரைக்குப் பின்னிருந்து கேட்டனர். 1955இல் சீனாவின் ஃபூ சோங் மூன்றாம் பரிசு பெற்றார். 1960இல் பொல்லினி, 1965இல் மார்த்தா ஆர்கெரிச், 1975இல் சிமெர்மன் வென்றனர்.

மிகுதியாக எழுதப்பட்டது 1980ஆம் ஆண்டுப் போட்டியைப் பற்றியே. யுகோஸ்லாவியாவின் இவோ பொகொரெலிச் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகவில்லை. மரபு மீறிய வாசிப்பே காரணம் என்பர் ஒரு சாரார்; நடையுடையும் உறுத்தியது என்பர் வேறு சிலர். அவரை மேதை என்று சொல்லி, ஆர்கெரிச் நடுவர் குழுவைவிட்டு வெளியேறினார். இந்த அமளியில் வெற்றியாளரின் கதை பின்னுக்குப் போயிற்று. வியட்நாமின் டாங் தாய் சோன் இப்போட்டியில் முதற்பரிசு பெற்ற முதல் ஆசியர். அமெரிக்கக் குண்டுவீச்சின்போது அவர் பயின்ற ஹனோய் இசைப்பள்ளி சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. பியானோ எருமை பூட்டிய வண்டியில் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. தாயாரே அவருடைய முதல் ஆசிரியை. தாயார் 1970இல் இதே போட்டியைக் காண வார்சா வந்து, ஷோப்பினின் இசைச்சுவடிகளைச் சேகரித்துக்கொண்டு போனார். இறுதிச் சுற்றுக்கு முன் சோன் வாத்தியக் குழுவோடு வாசித்ததே இல்லையாம்.

1990, 1995 ஆகிய இரு முறையும் முதற்பரிசு வழங்கப்படவில்லை. 2000இல் சீனாவின் யுண்டி லியும் 2015இல் தென்கொரியாவின் சோ சொங்-ஜினும் வென்றனர். அக்டோபரில் நடப்பதால் ஷோப்பினின் நினைவு நாளான 17ஆம் தேதி போட்டியின் நடுவே வரும். அன்று வாசிப்பு இல்லை. அவரது இதயம் வைக்கப்பட்டுள்ள திருச்சிலுவை ஆலயத்தில் மொசார்ட்டின் இரங்கற்பா இசைக்கப்படும்.

பெருந்தொற்றால் 2020ஆம் ஆண்டுப் போட்டி 2021க்குத் தள்ளிப்போயிற்று. கனடாவின் புரூஸ் லியு வென்றார். 2025இல் அமெரிக்காவின் எரிக் லு. இருவரும் டாங் தாய் சோனிடம் பயின்றவர்கள். அவ்வாண்டு ஐந்தாம் பரிசை மலேசியாவின் வின்சென்ட் ஓங், போலந்தின் பியோத்ர் அலெக்ஸெவிச்சுடன் பகிர்ந்துகொண்டார்.