பிடிப்பு மாத்திரையின் பூர்விகம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் முப்பது வருஷம் நின்றவன் நான். மூட்டை தூக்குபவர்கள்தான் வாடிக்கை. இடுப்புப் பிடிப்புக்கு முதல் தடவை டாக்டர் சீட்டு வரும். அப்புறம் காலி அட்டையை நீட்டினாலே கொடுத்துவிடுவோம். தூக்க மாத்திரை என்றால் மட்டும் சீட்டில்லாமல் கிடையாது. அதில் அப்படி ஒரு கண்டிப்பு! அட்டையில் இருந்த கேரிசோப்ரோடால் யார் வீட்டுப் பிள்ளை என்று அப்போது விசாரிக்கவில்லை.

ஹிட்லருக்குத் தப்பி செக்கோஸ்லோவாகியாவிலிருந்து இங்கிலாந்து வந்த ஃபிராங்க் பெர்கர், பென்சிலின் கெடாமல் காக்க ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்காகச் சோதித்த மெஃபெனிசின் என்ற பொருளைச் செலுத்திய எலிகள் தசை துவண்டு கிடந்தன. நினைவு மட்டும் தப்பவில்லை. 1946இல் இதை எழுதினார். மெஃபெனிசினின் வேகம் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால், அமெரிக்கா போனபின் பெர்னார்ட் லுட்விக்குடன் சேர்ந்து 1950இல் மெப்ரோபமேட்டை உருவாக்கினார். நியூ ஜெர்சியின் மில்டவுன் என்ற சிற்றூரின் பெயரோடு 1955இல் அது கடைக்கு வந்தது. தசையில் தொடங்கிய தேடல் மனக்கவலையில் போய் நின்றது. ஹாலிவுட்காரர்கள் அள்ளினார்கள். ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’ என்று மருந்துக் கடைகளில் பலகை தொங்கியது, நம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்குத் தொங்கியதைப் போல.

விட முடியாத பழக்கமாகிறது என்று தெரிந்து, 1970இல் அமெரிக்கா மெப்ரோபமேட்டைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. ஆனால் 1959லேயே தம்பி சந்தைக்கு வந்தாயிற்று: கேரிசோப்ரோடால், விற்பனைப் பெயர் சோமா. (சோமபானம் ஞாபகம் வந்தால் குற்றம் என்னுடையதல்ல.) வயிற்றுக்குள் போனால் கல்லீரல் அதில் ஒரு பங்கை மெப்ரோபமேட்டாகவே மாற்றிவிடுகிறது! ஓபியாய்டு வலி மாத்திரை, பதற்றம் தணிக்கும் அல்ப்ரசோலம், கேரிசோப்ரோடால் மூன்றையும் சேர்த்து விழுங்குவதற்கு ‘ஹூஸ்டன் காக்டெயில்’ என்று பெயரே உண்டானது. மூன்றும் கூடினால் மூச்சு அடங்கும். நார்வே 2008இல் விற்பனையை நிறுத்தியது. அமெரிக்கா தம்பியைப் பட்டியலில் சேர்த்தது 2012 ஜனவரியில். அண்ணனுக்கு 42 வருஷம் கழித்து. டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மருந்தோடு கேரிசோப்ரோடாலைக் கலந்து இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன மாத்திரைகளின் அனுமதியை நம் அரசு ரத்து செய்தது 2025இல்தான்.

நான் கடையில் நின்ற காலத்தில், ஒரு மழைக்காலத்தில் சரக்கு வராமல் சுற்றுவட்டாரத்தில் எங்கும் அந்த மாத்திரை இல்லை. வந்த அன்று காலையிலேயே ஒரு லோடுமேன் கை நடுங்க நின்றார்.

“இடுப்பு ரொம்ப வலிக்குதா?”

“வலியெல்லாம் எப்பவோ போச்சுண்ணே. நாலு நாளா கண்ணு அடையல.”

அன்றும் ஒரு அட்டை கொடுத்தேன். படி இறங்கவில்லை, அங்கேயே நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்.