சைகோனுக்குப் போன கப்பலும் டெல்டாவுக்கு வந்த விதையும்

வியட்நாம் என்றதும் நம் இடதுசாரி எழுத்தில் ஒரு கதையாடல் தயாராக இருக்கிறது. அமெரிக்க ஏகாதிபத்தியம் ஒரு பக்கம், காட்டுக்குள் பதுங்கிப் போராடிய விவசாயி மறுபக்கம், முடிவில் 1975 ஏப்ரல் 30, சைகோனின் வீழ்ச்சி. இதில் தமிழன் தூரத்தில் நின்று கைதட்டுகிற ஆள். நெடுங்காடு கொம்யூனில் இருக்கிற எங்கள் குரும்பகரத்திலிருந்து, பொதுவாகக் காரைக்கால் பகுதியிலிருந்து பார்த்தால் இந்தக் கதை அப்படியே நிற்காது. நம்மாளுங்க அந்தப் போரின் தொடக்கத்திலேயே உள்ளே இருந்தார்கள். எந்தப் பக்கம் என்பதுதான் சங்கடம்.

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1859இல் அவர்கள் சைகோனைப் பிடித்தார்கள். புதிய காலனியை நடத்த ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராக, சொல்தாவாகக் கப்பலேறினார்கள். 1881 செப்டம்பர் 21 ஆணை இன்னொரு கதவைத் திறந்தது. சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். இவர்களுக்கு ரெனோன்சான் என்று பெயர். இதில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள், தாழ்த்தப்பட்ட சாதியினர்.

ஊரில் இந்தச் சமத்துவத்தை உயர்சாதியினர் விடவில்லை. 1884இல் வாக்காளர்களை ஐரோப்பியர், ரெனோன்சான், மற்ற இந்தியர் என மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். சைகோனில் அந்தப் பிரிவினை இல்லை. அங்கே ரெனோன்சான் பிரெஞ்சுக்காரனோடு ஒரே பட்டியலில் ஓட்டுப் போட்டான், ஐரோப்பியனுக்குரிய சம்பளம் கேட்டு வாதாடினான். பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டியவன் அங்கே தொப்பி வைத்து நடந்தான். இதை 'காலனிய அடிவருடித்தனம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அப்படித் தள்ளுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து பேசுகிறார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் வியட்நாமியன் கண்ணுக்கு அந்தத் தொப்பி வேறு மாதிரித்தான் தெரிந்திருக்கும். வரி கேட்டு வந்தவன், சந்தையில் விரட்டிய போலீஸ், பக்கத்திலேயே கடன் கொடுத்து 1930களின் பெருமந்தத்தில் வயலை எடுத்துக்கொண்ட செட்டியார், எல்லோரும் ஒரே நிறம். ஒருவன் சாதியிலிருந்து தப்பித்த வழி, இன்னொருவன் மேல் அதிகாரமாக இறங்கிய வழியும் ஆயிற்று. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பேசாத எந்த வரலாறும் பாதிப் பொய்தான்.

1946இல் பிரான்ஸுக்கும் வியட்மின்னுக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் தன் மண்ணில் கட்டாயச் சேவைக்கு எடுத்த பையன்களை அங்கே அனுப்பவில்லை. தொழில்முறைச் சிப்பாய்களோடு மொராக்கோ, அல்ஜீரியா, செனகல் ஆட்களும் அயல்நாட்டுப் படையும் போனார்கள். நம் சொல்தாக்களும் இந்த வரிசையில்தான் நின்றார்கள். 1950இலிருந்து அமெரிக்கா பணமும் ஆயுதமும் இறக்கியது. 1954இல் போர்ச் செலவில் ஏறக்குறைய 80 சதவிகிதம் அமெரிக்காவுடையது. தியன் பியன் பூவில் முற்றுகைக்குள் கிடந்த படைக்குச் சரக்குப் போட்ட விமானங்கள் சிலவற்றை ஓட்டியவர்களே அமெரிக்கர்கள்தான். ஆக, அமெரிக்கா 1965இல் திடுதிப்பென்று வியட்நாமில் குதித்தது என்கிற கணக்கு தப்பு. காலனிச் சிப்பாயின் உடம்பு, வாஷிங்டனின் பணம். இந்த ஏற்பாடு தோற்றபிறகே அவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

1954 மே 7இல் தியன் பியன் பூ விழுந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு. அக்டோபர் 18இல் கீழூரில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் காரைக்கால் கை மாறியது. நம் பாடப்புத்தகத்தில் இது காங்கிரசும் கம்யூனிஸ்டுகளும் போராடிப் பெற்ற விடுதலை. அந்தப் போராட்டம் உண்மை, சுப்பையாவின் உழைப்பு உண்மை. என்றாலும் பிரான்ஸின் பிடி தளர்ந்ததில் அந்த மலைப் பள்ளத்தாக்கில் மண் தோண்டிய வியட்நாமிய விவசாயிக்கும் பங்குண்டு என்பதை நாம் எழுதவேயில்லை.

1965 மார்ச் 8இல் அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்கள் டா நாங்கில் இறங்கினார்கள். 1969இல் அங்கிருந்த அமெரிக்கப் படை 5,40,000ஐத் தாண்டியது. கெரில்லாக்கள் இருந்த இடங்களில் காட்டின் மேலும் பயிரின் மேலும் களைக்கொல்லி தெளித்தார்கள். 1961இலிருந்து 1971 வரை ஏறக்குறைய ஏழரைக் கோடி லிட்டர். தங்கள் பிடியில் இருந்த இடங்களுக்கு 1967இலிருந்து ஐ.ஆர்.8 நெல்லைக் கொண்டுபோனார்கள். ஒரு கையில் விஷம், ஒரு கையில் விதை. வியட்நாமில் உழவுத் தெய்வத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். விற்ற காசில் மோட்டார் சைக்கிள் வாங்கியதால் சனங்கள் 'ஹோண்டா நெல்' என்றார்களாம்.

அதே ஐ.ஆர்.8 அதே வருஷங்களில் காவிரி டெல்டாவுக்கும் வந்தது. இங்கே களம் முன்பே தயார். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு தஞ்சாவூர் மாவட்டத்தில் 1960இலேயே தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியிருந்தது. 1968 மார்ச் 8இல் அமெரிக்க உதவி நிறுவனத்தின் தலைவர் வில்லியம் கோட் இதற்குப் 'பசுமைப் புரட்சி' என்று பெயர் வைத்தபோது, சிவப்புப் புரட்சிக்கு எதிர்ச்சொல்லாகவே வைத்தார். நிலத்தைப் பங்கு போடாமல் மகசூலை மட்டும் கூட்டுவது, மேகாங்கிலும் காவிரியிலும் இதுதான் மருந்து. மகசூல் கூடியது, பசி குறைந்தது, மறுக்கவில்லை. கூலி? அந்த வருஷமே டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் செங்கொடி பிடித்த தலித்துகளில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். உயர்நீதிமன்றம் நிலப்பிரபுக்களை விடுதலை செய்தது.

எல்லைக்கு இந்தப் பக்கம் சேரிக்காரனுக்குக் கப்பல் இருந்தது, அந்தப் பக்கம் செங்கொடி இருந்தது. இரண்டுமே ஒரே பண்ணையத்திலிருந்து வெளியேறும் வழிகள். முதலாமவன் இன்னொரு நாட்டு விவசாயிக்கு எதிராக நிறுத்தப்பட்டான், இரண்டாமவன் எரிக்கப்பட்டான். இவர்களைத் துரோகி, தியாகி என்று பிரித்து அடுக்கும் பழக்கத்தை நாம் விடவேண்டும் என்று நினைக்கிறேன்.

காரைக்காலில் ஜூலை 14இல் பதக்கம் குத்திக்கொண்டு வந்த கிழவர்களைப் பார்த்து நம் தோழர்கள் சிரித்ததுண்டு. அந்தத் தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. பென்ஷன் புத்தகமும் கடிதங்களும் சைகோனில் எடுத்த போட்டோக்களும் பரண்களில் கிடக்கின்றன, விதவைகளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, வீரக்கதையும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், அங்கே யாரைச் சுட்டார், யாரோடு குடும்பம் நடத்தினார், திரும்பி வந்தபோது எந்தத் தெரு வழியாக நடக்க விட்டார்கள் என்று கேட்டு எழுதியாக வேண்டும். இதைக் கட்சி ஆவணம் செய்யாது, பாரீஸ் ஆவணக்காப்பகமும் செய்யாது. நாமதான் செய்யணும்.