பத்திரிகைக் கட்டு எங்கே நின்றது? எம்ட்ரேஸ் கட்டளையின் வரலாறு



உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் எமது பிள்ளைகளுக்கு "பிங்", "ட்ரேஸ்ரூட்" என்ற இரண்டு கட்டளைகளும் பழக்கமானவை. இணையம் வேலை செய்யாதபோது கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டிப் பார்ப்பார்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் எங்கோ தடை. இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. அதன் பெயர் எம்ட்ரேஸ். அதைப் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. ஆனால் அது பிறந்த கதையில், கற்பிப்பவர்களும் ஊர் வேலை செய்பவர்களும் யோசிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மூத்த இருவரையும் பார்ப்போம்.

பிங்கை எழுதியவர் மைக் மூஸ். அமெரிக்காவின் மேரிலாந்தில் இராணுவ ஆய்வுகூடமொன்றில் வேலை செய்தவர். 1983 டிசம்பரில் வலையமைப்பில் ஏதோ கோளாறு. அதைப் பிடிப்பதற்காக ஒரே இரவில் இந்தச் சிறிய நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத் தூரம் அறியும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கும் வைத்தார். "இருக்கிறாயா?" என்று கேட்பதும், "இருக்கிறேன்" என்ற பதிலுக்குக் காத்திருப்பதும்தான் பிங்கின் முழு வேலை.

ட்ரேஸ்ரூட் 1980களின் இறுதியில் வந்தது. எழுதியவர் வான் ஜேக்கப்சன். யோசனை கொடுத்தவர் ஸ்டீவ் டீரிங். இந்த இரண்டாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் போகும் ஒவ்வொரு பொதியிலும் ஓர் ஆயுள் எண் எழுதப்பட்டிருக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் பொதியை வீசிவிட்டு, "உங்கள் பொதி என்னிடம் முடிந்துவிட்டது" என்று அனுப்பியவருக்கு ஒரு பிழைச் செய்தி அனுப்பும். ட்ரேஸ்ரூட் வேண்டுமென்றே ஆயுளை 1, 2, 3 என்று வைத்துப் பொதிகளை அனுப்புகிறது. திரும்பி வரும் பிழைச் செய்திகளைக் கோத்தால் முழு வழியும் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு கட்டளைகளும் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் வழியைச் சோதிக்க எழுதப்பட்டவை. ஒருவர் பலருக்கு அனுப்பினால்?

கொழும்பில் அச்சாகும் பத்திரிகையை எண்ணிப் பாருங்கள். காத்தான்குடியில் 200 வாசகர்கள் இருந்தால் 200 வாகனங்கள் புறப்படுவதில்லை. ஒரே வாகனத்தில் ஒரே கட்டாக வருகிறது. பொலன்னறுவையில் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கிறார்கள், ஓட்டமாவடியில் கொஞ்சம், ஏறாவூரில் கொஞ்சம். வாசகரே இல்லாத கிளை வீதிக்குள் வாகனம் திரும்புவதில்லை. வலையமைப்பில் இப்படி அனுப்புவதைத்தான் மல்டிகாஸ்ட் என்கிறோம். ஆயிரம் பேர் ஒரு நேரடி ஒலிபரப்பைக் கேட்டாலும் மூலத்திலிருந்து ஒரு பிரதிதான் புறப்படும். பாதை பிரியும் இடங்களில் மட்டும் ரவுட்டர்கள் பிரதி எடுக்கும்.

இந்த முறையை இணையத்துக்கு வடிவமைத்தவர் அதே ஸ்டீவ் டீரிங். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, தன் ஆசிரியர் டேவிட் செரிட்டனுடன் சேர்ந்து 1985இல் இதற்கான முதல் ஆவணத்தை வெளியிட்டார். 1989 ஓகஸ்ட்டில் விதிமுறை வெளிவந்தது. 1991இல் ஆய்வேடு முடிந்தது. 224இல் தொடங்கி 239 வரையான முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டன. அவை எந்தத் தனிக் கணினிக்கும் உரியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குழுவின் முகவரி. கேட்க விரும்பும் கணினி தன் பக்கத்து ரவுட்டரிடம் "நானும் இந்தக் குழுவில் சேர்கிறேன்" என்று சொன்னால் போதும். அனுப்புபவரிடம் எவரும் பெயர் பதிய வேண்டியதில்லை.

இது அழகான ஏற்பாடு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். யார் கேட்கிறார்கள் என்பதே அனுப்புபவருக்குத் தெரியாது. அப்படியானால் யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

ட்ரேஸ்ரூட்டை வைத்துத் தேடலாமே என்று கேட்பீர்கள். முடியாது. 1989ஆம் ஆண்டின் அந்த விதிமுறையிலேயே, குழு முகவரிக்குப் போகும் பொதிக்குப் பிழைச் செய்தி அனுப்பக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. காரணம் நியாயமானது. ஒரு பொதி ஆயிரம் கிளைகளாகப் பிரிந்து போகும்போது, ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு முறைப்பாடு திரும்பி வந்தால் அனுப்பியவரின் கணினி மூழ்கிவிடும். ஆகவே பொதி தொலைந்தால் ரவுட்டர் மௌனமாக இருக்க வேண்டும். அந்த மௌனம் விதியிலேயே எழுதப்பட்ட மௌனம்.

இந்த மௌனத்தின் விலை 1992க்குப் பிறகுதான் புரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப் அமைப்பின் கூட்டம் நடந்தது. ஸ்டீவ் காஸ்னர், டீரிங் முதலானோர் கூட்டத்தின் ஒலியை மல்டிகாஸ்ட் முறையில் நேரடியாக அனுப்பினார்கள். மூன்று கண்டங்களில் 20 இடங்களில் கேட்டார்கள். கேட்டவர்களுக்கிடையே 16 நேர வலயங்கள் விரிந்திருந்தன. இன்று கையடக்கத் தொலைபேசியில் நாம் சாதாரணமாகச் செய்வது, அன்று பெரிய காரியம்.

அக்காலத்து இணைய ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மல்டிகாஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் தம்மிடமிருந்த சாதாரணக் கணினிகளில் "எம்ரவுட்டட்" என்ற மென்பொருளை ஓட்டி, ஒன்றுக்கொன்று சுரங்கப்பாதை போல இணைப்புகள் போட்டன. மல்டிகாஸ்ட் பொதியைச் சாதாரணப் பொதிக்குள் மறைத்து மறுகரைக்கு அனுப்பும் வேலை அது. இப்படி உருவான வலையமைப்புக்கு எம்போன் என்று பெயர் வந்தது. தன்னார்வலர்களின் உழைப்பில் ஓடியது. 1994 நவம்பர் 18இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு டலஸ் நகரில் நடத்திய நிகழ்ச்சியின் சுமார் 20 நிமிடங்கள் இதன் வழியாகப் போனபோது, கணினித் துறைக்கு வெளியே உள்ளவர்களும் எம்போன் பற்றிக் கேள்விப்பட்டார்கள்.

ஆனால் உள்ளே இருந்தவர்களின் பாடு வேறு. ஒரு நகரத்தில் ஒலி தெளிவாகக் கேட்கும், பக்கத்து நகரத்தில் ஒன்றுமே கேட்காது. அனுப்புபவரின் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். கோளாறு எந்தக் கண்டத்தில், எந்தச் சுரங்கத்தில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வந்தவை வரைபடக் கருவிகள். வான் ஜேக்கப்சன் "எம்ஆர்இன்ஃபோ" என்ற கட்டளையை எழுதினார். ஒரு ரவுட்டரிடம் "உன் அயலவர்கள் யார்?" என்று அது கேட்கும். பவெல் கர்ட்டிஸ் எழுதிய "மேப்-எம்போன்" அயலவர், அயலவரின் அயலவர் என்று கேட்டுக்கொண்டே போய் முழு வலையமைப்பையும் வரைந்து காட்டும். வீதிப் படம் கிடைத்துவிட்டது. ஆனால் இன்றைய பத்திரிகைக் கட்டு எந்தச் சந்தியில் நின்றது என்று வீதிப் படம் சொல்லாது.

அந்த இடத்தில்தான் எம்ட்ரேஸ் வருகிறது. ட்ரேஸ்ரூட்டை எழுதிய அதே ஜேக்கப்சன் காஸ்னர், டீரிங் முதலானோரின் உதவியோடு இதை வடிவமைத்தார். அஜித் தியாகராஜன், பில் ஃபென்னர் இருவரும் ரவுட்டர் மென்பொருளுக்குள் இதைச் சேர்த்தார்கள். தியாகராஜனின் முதல் மாதிரியை அடிப்படையாக வைத்துக் காஸ்னர் கட்டளையை எழுதி முடித்தார்.

அவர்கள் செய்த முக்கியமான மாற்றம் ஒன்றே ஒன்று. தேடலை அனுப்புபவரிடமிருந்து தொடங்கவில்லை. கிடைக்காதவரிடமிருந்து தொடங்கினார்கள்.

ஏன்? மூலத்திலிருந்து பார்த்தால் ஆயிரம் கிளைகள். எந்தக் கிளையில் போய்த் தேடுவது? ஆனால் கிடைக்காத ஒருவரிடமிருந்து மூலத்தை நோக்கித் திரும்பிப் பார்த்தால் வழி ஒன்றுதான். காத்தான்குடி வாசகருக்குப் பத்திரிகை வரவில்லையென்றால் கொழும்பில் நின்று ஒவ்வொரு வீதியாகத் தேட வேண்டியதில்லை. வாசகர் கடைக்காரரைக் கேட்பார். கடைக்காரர் ஏறாவூரைக் கேட்பார். ஏறாவூர் ஓட்டமாவடியைக் கேட்கும். எந்தப் பதிலில் கட்டு காணாமற் போகிறதோ அங்கேதான் கோளாறு.

எம்ட்ரேஸும் அப்படியே. பெறுநருக்குப் பக்கத்திலுள்ள கடைசி ரவுட்டரிடம் ஒரு கேள்வி போகும். அந்த ரவுட்டர் தன் விபரங்களை அதில் எழுதி மேலே உள்ளதற்குக் கொடுக்கும்: எந்த நேரம் கேள்வி வந்தது, எந்த வாயிலால் பொதி வருகிறது, எந்த வாயிலால் போகிறது, இந்தக் குழுவுக்காக இதுவரை எத்தனை பொதிகள் கடந்தன. இப்படிக் கைமாறி மூலம் வரை போய், நிரம்பிய தாள் கேட்டவரிடம் திரும்பி வரும். பத்து விநாடிக்குப் பிறகு எம்ட்ரேஸ் இன்னொரு முறை கேட்கும். இரண்டு தடவையும் எண்ணிய எண்ணிக்கைகளைக் கழித்துப் பார்த்தால், எந்த இரண்டு ரவுட்டர்களுக்கிடையே பொதிகள் சிந்துகின்றன என்று தெரிந்துவிடும்.

காரணத்தையும் ரவுட்டர் ஒரு குறியீடாகச் சொல்லும். "எனக்கு மூலத்துக்கு வழி தெரியாது" என்று ஒன்று. "கீழே கேட்பவர் இல்லையென்று இந்தக் கிளையை வெட்டிவிட்டார்கள்" என்று ஒன்று. "தவறான வாயில்" என்று இன்னொன்று. வாயில் பற்றிய வேறொரு விதியும் நிர்வாகிகளை வாட்டியது. மூலத்தை நோக்கித் தான் எந்த வாயிலால் போவாரோ அந்த வாயிலால் வரும் பொதியைத்தான் மல்டிகாஸ்ட் ரவுட்டர் ஏற்கும். வேறு வாயிலால் வந்தால் பேசாமல் வீசிவிடும். பொதிகள் சுழன்று சுழன்று பெருகாமல் இருக்க இந்த விதி தேவை. டலாலும் மெட்காஃபும் 1978இலேயே இந்த யோசனையை எழுதியிருந்தார்கள். ஆனால் சுரங்கம் ஒரு பக்கமும் சாதாரண வழி இன்னொரு பக்கமும் இருந்தால், நல்ல பொதியும் குப்பைக்குப் போகும்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் எம்ட்ரேஸுக்கு ஒரு வரைவு ஆவணம் எழுதப்பட்டது. அது முறையான விதிமுறையாக வரவேயில்லை. புதுப்பித்த இரண்டாம் வடிவம் வெளியானது 2018இல். இடையில் இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன. அதற்குள் திறந்த இணையம் முழுவதும் மல்டிகாஸ்ட் என்ற கனவு ஏறத்தாழ முடிந்திருந்தது. பாதுகாப்பு, முகவரி ஒதுக்கீடு, கட்டணம், நிர்வாகம் என்று காரணங்கள் பல. 2001 ஜனவரியில் "ராமென்" என்ற கணினிப் புழு குழு முகவரிகளையும் கண்டபடி தட்டியதில் ரவுட்டர்கள் திணறின. நிர்வாகிகளுக்குப் பயம் பிடித்தது. பல நிறுவனங்கள் தம் உள்விபரங்களை வெளியாருக்குச் சொல்ல விரும்பவில்லை. "சொல்ல அனுமதியில்லை" என்பதற்கும் ஒரு குறியீடு இருக்கிறது. கடைசியில் 2020இல் ஐ.ஈ.டி.எஃப் ஆவணமொன்று, எவரும் எவருக்கும் அனுப்பக்கூடிய பழைய வகை மல்டிகாஸ்ட்டை வலையமைப்புகளுக்கிடையே பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

மல்டிகாஸ்ட் இறந்துவிடவில்லை. பங்குச் சந்தைகளின் விலைத் தரவுகளிலும், இணைய இணைப்பு வழியாக வரும் தொலைக்காட்சிச் சேவைகளிலும் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கெல்லாம் முழு வழியும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல எல்லா ரவுட்டரும் கடமைப்பட்டவை. பலர் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு சேவை, எங்கே அறுந்தது என்று சொல்ல மறுத்தால் நிலைப்பது கடினம். இந்த வரலாற்றில் நாம் காண்பது இதுதான்.

நாம் ஆசிரியர்கள். நாற்பது பிள்ளைகள் முன் நின்று பேசுகிறோம். விளங்காத பிள்ளையிடமிருந்து பிழைச் செய்தி வருவதில்லை. புலமைப்பரிசில் விண்ணப்பம், மருத்துவ முகாம், நிவாரணப் பதிவு என்று ஊரில் எத்தனையோ அறிவித்தல்கள் போகின்றன. முடிவுத் திகதி கடந்த பிறகுதான் "எங்களுக்குத் தெரியாதே" என்று ஒரு தாய் சொல்வார். "குழுவில் போட்டோமே" என்று நாம் சொல்வோம். அது அனுப்பியவரின் திரை. அதில் எப்போதும் எல்லாம் சரியாகவே தெரியும். அந்தத் தாயிடமிருந்து தொடங்கி, யார் வழியாக அவருக்கு வந்திருக்க வேண்டும், அவருக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கையாகத் திரும்பி நடந்தால் அறுந்த இடம் தெரியும். அங்கே இருப்பவரைக் குற்றம் சொல்வதற்காக அல்ல, அடுத்த அறிவித்தல் அந்த வீட்டுக்கும் போவதற்காக.

தகவல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள். மல்டிகாஸ்ட் பொதிக்கு ட்ரேஸ்ரூட் ஏன் பதில் தராது என்று கேட்டுப் பாருங்கள். விளக்கத் தெரிந்த பிள்ளை கருத்துப் பகுதியில் தன் சொந்த வார்த்தையில் எழுதட்டும். நாம் எல்லோரும் வாசிப்போம்.