ஏலமலைச் சரிவின் இருமல் மருந்து: போடிநாயக்கனூர்க் கைமருத்துவத்தின் வரலாற்றுப் பின்புலம்

இருமலுக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் இல்லங்களில் செய்யப்படும் கைமருந்துகள், காலத்தால் மாறாத மரபாகவே பெரிதும் விளக்கப்படுகின்றன. ஆயின் அவற்றில் சேரும் ஒவ்வொரு சரக்குக்கும் தனி வரலாறு உண்டு. ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர் இதற்குத் தக்க சான்றாகும்.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம், சித்த மருத்துவத்தில் கப நோய்களுக்குரிய அடிப்படைச் சரக்காகும். இவற்றை இடித்து நீரிலிட்டு, நான்கில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி, பனங்கற்கண்டோ தேனோ கூட்டி அருந்துவது தமிழக இல்லங்களின் வழக்கம். துளசி, ஆடாதோடை, கற்பூரவள்ளி ஆகியன கொல்லையில் கிடைப்பவை. ஏலம் அத்தகையதன்று. சுக்கு, சித்தரத்தை ஆகியவற்றைப் போலவே இஞ்சிக் குடும்பத்தைச் சார்ந்ததாயினும், அது மர நிழலும் ஈரமும் பொருந்திய மலையிலேயே விளைவது. அதன் விதை எண்ணெயில் மிகுந்துள்ள சினியோல், யூகலிப்டஸ் தைலத்தின் முதன்மைக் கூறும் ஆகும். தொண்டையில் உணரப்படும் குளிர்ச்சிக்கு அதுவே காரணம்.

ஏலமலையின் பெரும்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலம் அவ்வரசின் ஏகபோகப் பொருள். விளைவித்தோர் காயை அரசிடம் ஒப்படைத்துத் தம் பங்கைப் பெற்றனர். கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து மலையேறிய தமிழர் இச்சாகுபடியில் உழைத்தனர். ஆகவே, பறித்த கைகளுக்கே அக்காய் சட்டப்படி உரிமையற்றிருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஏகபோகம் நீங்கி நிலவரி முறை வந்தது. 1897இல் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. 1928இல் மதுரையிலிருந்து இருப்புப்பாதை எட்டியபின், போடியின் வணிக நிலை மேலும் உறுதிப்பட்டது.

இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடியிலும், கேரளத்தின் புற்றடியிலும் இயங்குகின்றன. காயைக் குறிக்கும் ஏலமும் விற்பனையைக் குறிக்கும் ஏலமும் ஒலியால் ஒன்றே எனினும், பின்னது போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப்பின் விளைச்சல் குன்ற, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. அந்நிலையில் சுக்கும் துளசியும் குறையாத அடுக்களையிலும் ஏலம் எண்ணிச் சேர்க்கும் பொருளாகும். கைமருந்தின் சேர்மானத்தை மரபு மட்டுமன்றிச் சந்தையும் வரையறுக்கிறது.

இக்கைமருந்துக்கு எல்லையும் உண்டு. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவை. கசாயம் தரும் இதம், மலைத் தோட்டத் தொழிலாளி மருத்துவமனையை நாடுவதைத் தாமதப்படுத்துமாயின், அது நன்மையாகாது. பாட்டி வைத்தியம் எனப் போற்றப்படும் குவளைக் கசாயத்தில் பெண்களின் அறிவோடு, அரசின் ஏகபோகமும் கூலி உழைப்பும் ஏல விலையும் கலந்துள்ளன. இவற்றை விலக்கி எழுதப்படும் கைமருத்துவ வரலாறு முழுமை பெறாது.