திருச்சி – சிங்கப்பூர்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையேயான வான்வழித் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். இது புவிப்பரப்பின் மீது அளக்கப்படும் மிகக் குறுகிய வழி. நேரடி விமானம் இதை ஏறத்தாழ 4 மணி நேரத்தில் கடக்கிறது. திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. இங்குள்ளவர்கள் சுமார் 65 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கோ, 100 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சிக்கோதான் செல்ல வேண்டும்.

கப்பல் காலம்

திருச்சி – நாகப்பட்டினம் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது 1875இல். அதன்பின் இவ்வட்டாரத்தினர் ரயிலிலேயே துறைமுகம் வரை போக முடிந்தது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றது. கடலில் மட்டும் ஒரு வாரம் ஆகும். பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்து மேல்தளத்திலேயே படுத்து வந்தவர்கள்.

ஊரில் தந்தை இறந்தால் தந்தி ஒரே நாளில் சிங்கப்பூர் போய்விடும். மகன் வர முடியாது. கப்பல் புறப்படும் நாளுக்குக் காத்திருந்து, ஒரு வாரம் கடலில் வந்து, பிறகு ரயிலேற வேண்டும். கொள்ளி வைப்பது இருக்கட்டும், பதினாறாம் நாள் காரியத்திற்கு வந்து சேர்வதே அரிது. பயண நேரம் என்பது இக்குடும்பங்களுக்கு வெறும் கணக்காக இருக்கவில்லை.

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தனர். அத்துடன் இக்கடல்வழிப் பயணம் முடிந்தது.

விமானம் வந்த பிறகு

ஏர் இந்தியா 1954இல் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கொண்டு சிங்கப்பூர் சேவையைத் தொடங்கியது. அவை சுழல்விசிறி விமானங்கள். 1960இல் போயிங் 707 ஜெட் வந்தது. ஆனாலும் கட்டணம் கட்ட முடியாத சாதாரண மக்கள் நெடுங்காலம் கப்பலையே நம்பியிருந்தனர். இப்போது ஸ்கூட், இண்டிகோ முதலிய நிறுவனங்கள் திருச்சியிலிருந்தே நேரடியாகப் பறக்கின்றன.

கடிகாரக் கணக்கு

மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் உள்ளது. திருச்சியில் காலை 10 மணிக்குப் புறப்பட்டால், அங்கு இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் மாலை 4.30 காட்டும். திரும்பும்போது அங்கே 10 மணிக்கு ஏறினால் இங்கே 11.30க்கே இறங்கிவிடலாம்! விமானம் வேகமாக வந்துவிடவில்லை. இரு வழியிலும் பறந்தது 4 மணி நேரமே. 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளியது. அதற்கு முன் வித்தியாசம் 2 மணி நேரம். பழைய கால அட்டவணைகளைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திண்டுக்கல்காரர் போடும் கணக்கு இன்னும் நீளமானது. திருச்சிக்குப் பேருந்தில் 2 மணி நேரத்திற்கு மேல், விமானம் புறப்பட 3 மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும், பறப்பது 4, இறங்கிய பின் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்று. மொத்தம் 10 மணி நேரம். அதில் வானில் இருப்பது பாதிகூட இல்லை.