துண்டும் பற்றுச்சீட்டும்

நிவித்திகலைக்கு அருகே உள்ள இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில் வாழ்ந்து மறைந்த என் அப்பாயியிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆனாலும் கைக்கு வந்த எந்தக் கடதாசியையும் அவர் எறிந்ததில்லை. அவர் காலமான பின்னர் பெட்டியைத் திறந்தபோது பிறப்புச் சான்றிதழ்கள், சம்பளத் துண்டுகள், ஆஸ்பத்திரித் துண்டுகள் என எல்லாம் இருந்தன. நாற்பது ஆண்டுகள் அவர் சாமான் வாங்கிய கடையின் பற்றுச்சீட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. தொலைந்து போனதால் அல்ல; அவருக்கு அது ஒருபோதும் வழங்கப்படவே இல்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சம்பளத்துக்கு மறுநாள் அவர் என்னைக் கடைக்கு அழைத்துச் சென்றார். கடன் கொப்பியை முதலாளி விரித்தார். பொருள்களின் பெயர்கள் சிங்களத்தில் இருந்தன. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. இலக்கங்கள் தெரிந்தன. கூட்டிப் பார்த்தேன், முதலாளி சொன்ன தொகை அதைவிடக் கூடுதலாக இருந்தது. அப்பாயியின் சேலையை இழுத்துச் சொன்னேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கேட்ட தொகையைக் கொடுத்தார். திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான்: "அடுத்த மாசம் அரிசி யாருகிட்ட வாங்குறது?"

நுகர்வோர் உரிமை பற்றிப் பிற்காலத்தில் நான் படித்த எந்தச் சட்டநூலும் அந்தக் கேள்வியைப் போல் என்னைச் சிந்திக்க வைத்ததில்லை. கடனில் வாங்குபவர் முறையிடத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு நம்மவரிடையே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி, வேலையைத் தொடங்கும் முன்னரே கடனாளியானார். வழிச்செலவு, முற்பணம், அரிசி, கம்பளி யாவும் அவர் பெயரில் எழுதப்பட்டன. விலையை அவர் நிர்ணயிக்கவில்லை; வேறு கடைக்குச் சென்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. கணக்கு கங்காணியிடமும் தோட்டத்திடமும் இருந்தது. தோட்டம் மாற விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி வேண்டும். அதன் பெயர்தான் 'துண்டு'. அரிசிக்கும் கம்பளிக்கும் எழுதப்பட்ட கடன், இறுதியில் ஆளையே பிணைக்கும் பத்திரமாயிற்று.

1919 இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலன்புரிக் கழகமொன்றை நிறுவி இத்தகைய கொடுமைகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1921 இன் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927 இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. அதன்கீழ் வேதனம் நிர்ணயிக்கப்பட்டபோது, தோட்டம் வழங்கும் அரிசியின் விலையும் அதனுடன் சேர்த்தே கணிக்கப்பட்டது. அரிசி விலை கூடினால் கூலி குறைந்ததாகவே பொருள் என்பதை அரசு ஏற்றுக்கொண்டமை சிறிய விடயமன்று. அதே காலத்தில் பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், தொழிலாளரின் உரிமைகளை அவர்களின் தமிழிலேயே எழுதியும் பேசியும் வந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் அவற்றைப் பாட்டாகவும் பாடினார்.

வாங்குபவரைக் காக்கும் சட்டம் இந்நாட்டில் அதற்கும் முன்னரே இருந்தது என்பதுதான் வேதனை. 1896 இன் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கும் பொருளின் தரம் குறித்து விற்பவர்மீது பொறுப்புச் சுமத்தியது. 1950 இல் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1979 இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்தன. அப்பாயிக்கு இவற்றில் எதையும் எவரும் எடுத்துச் சொல்லவில்லை. 1948 இல் பிரசாவுரிமையை இழந்த ஒரு சமூகம், சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சியதில் வியப்பில்லை.

2003 ஆம் ஆண்டை இங்கே நினைவுகூர வேண்டும். அவ்வாண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையை உருவாக்கியது. அதே ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளியினருள் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தமை தற்செயலே. எனினும் முதலாவது சட்டம் 'நுகர்வோர்' யார் என்று வரையறுக்கும்போது பிரசாவுரிமையைக் கேட்கவில்லை. விலை கொடுத்துப் பொருளையோ சேவையையோ பயன்படுத்தும் எவரும், பயன்படுத்தக்கூடிய எவரும் நுகர்வோரே.

அச்சட்டம் தருவது என்ன? கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வியாபாரி கடமைப்பட்டவர். விலைப்பட்டியலை வாங்குபவர் கண்ணில் படும்படி காட்சிக்கு வைக்கவேண்டும். இருக்கும் பொருளை இல்லையென்று மறைப்பதும் பதுக்குவதும் குற்றம். தரக்குறைவு, உத்தரவாத மீறல் பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். விசாரணையில் நட்டம் நிரூபணமானால், நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். அரசு நிர்ணயித்த உச்ச விலையை மீறி விற்கும் தனி வியாபாரிக்கு, 2021 இன் திருத்தச் சட்டப்படி முதற் குற்றத்துக்கே ஒரு இலட்சம் ரூபா முதல் ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம்.

சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ள 1988 இன் 16 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உரிமை தந்துள்ளது. ஆகவே இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத்திலிருந்தும் தமிழில் முறைப்பாடு எழுதலாம். நடைமுறையில் தமிழில் பதில் வரத் தாமதமாகலாம். அதற்காக எழுதாமல் இருந்துவிடக்கூடாது.

சட்டத்தால் அப்பாயியின் கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் கொப்பி இன்றும் உள்ளது. மாதக் கடைசியில் அதை நம்பி வாழும் குடும்பத்திடம் முதலாளியை எதிர்த்து முறையிடு என்று கொழும்பில் இருந்துகொண்டு நான் எழுதுவது எளிது. ஆனால் கடனுக்கு வாங்கும்போதும் பற்றுச்சீட்டுக் கேட்கலாம். அது சண்டை அன்று. கணக்கின் ஒரு பிரதி நம் கையிலும் இருப்பதே. ஒருவர் தனியாகக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். லயத்தில் உள்ள அத்தனை பேரும் கேட்டால் அது கடையின் வழக்கமாகிவிடும்.

தகரப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. சாமான் வாங்கி வந்ததும் பற்றுச்சீட்டை அதற்குள் போடுவதை என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.