தில்லை என்னும் செடி



நெய்வேலியிலிருந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் சென்றவர் உங்களுள் பலர் இருப்பீர்கள். அந்நகரின் பழம்பெயர் தில்லை. தேவாரம் பாடிய மூவரும் அப்பெயரால் அவ்வூரைப் போற்றினர். கூத்தப்பெருமான் கோயிலில் வழிபாடு நடத்துவோர் தில்லைவாழ் அந்தணர் எனப்படுவர். ஊரின் வடபால் தில்லைக் காளி எழுந்தருளியிருக்கிறாள். பெயர் இவ்வாறு எங்கும் விளங்க, பெயர் தந்த செடியோ ஊருக்குள் இயல்பாக வளரக் காணோம்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்ற மாணவன் ஒருவன், “ஐயா, தில்லை மரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டான். “தில்லை என்பது ஒருவகை மரம்” என்று பல ஆண்டுகள் வகுப்பில் பொருள் கூறிய எனக்கு, அதன் இலை எப்படி இருக்கும் என்பது கூடத் தெரியாது. அந்த வெட்கமே பின்னர் என்னைப் பிச்சாவரத்திற்கு இட்டுச் சென்றது.

பிச்சாவரம் சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் உள்ளது. ஏறத்தாழ 1,100 எக்டேர்ப் பரப்பில் பரந்த அலையாத்திக் காடு அது. படகில் செல்வோர் கண்ணில் முதலில் படுவது, வில்போல் வளைந்த வேர்களை ஊன்றி நிற்கும் சுரபுன்னை. தில்லையைக் காண வேண்டுமாயின் நிலப்பக்கமாகத் திரும்ப வேண்டும். நாள்தோறும் ஓதம் ஏறும் சேற்றில் சுரபுன்னை நிற்க, எப்போதாவது மட்டும் உப்புநீர் எட்டும் மேட்டு விளிம்பில் தில்லை நிற்கும். இந்த இட வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் நமக்குப் பயன்படும்.

தில்லை பெரும்பாலும் புதராகவும் சில இடங்களில் சிறு மரமாகவும் வளர்வது. அதற்கு ஊன்று வேரும் இல்லை. சேற்றிலிருந்து ஆணி போல் மேலெழும் மூச்சுவேரும் இல்லை. பக்கவேர்களே பாம்புகள் பின்னிக் கிடந்தாற்போல் தரைமீது படர்ந்து, தம் தோலில் உள்ள நுண்துளைகளால் காற்றை வாங்குகின்றன. ஆண்பூ ஒரு செடியிலும் பெண்பூ வேறொரு செடியிலும் பூக்கும். காய் மூன்று பிளவு உடையது. விதை நீரில் மிதந்து சென்று கரைசேர்ந்து முளைக்கும். உதிர்வதற்கு முன் இலைகள் செம்மை நிறம் பெறுவது இதன் தனி அழகு.

இந்நிறத்தை நம் புலவர் நன்கு கண்டிருந்தனர். புறநானூற்றின் 252-ஆம் பாட்டில், அருவியில் ஆடி ஆடி நிறம் மாறிய துறவியின் சடைக்குத் தில்லை உவமையாகிறது. நற்றிணையின் 195-ஆம் பாட்டிலோ, கழியில் மீன் உண்ட நீர்நாய்க்குட்டி தில்லைப் புதரில் படுத்து உறங்குகிறது. இரண்டும் நேரில் பார்த்தவர் சொல்லக்கூடியவை. கபிலர் மட்டும் குறிஞ்சிப்பாட்டில், மலைநாட்டு மகளிர் குவித்த மலர்களுள் தில்லையையும் வைத்தார். கழிக்கரைச் செடி மலைக்கு எப்படி ஏறியது என்று கேட்கும் மாணவனை நான் கடிந்துகொள்ள மாட்டேன்.

இலையையோ கிளையையோ ஒடித்தால் வெண்பால் வடியும். அது தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் சிறிது காலம் பார்வை மங்கும். மேலைநாட்டாரும் இதனை அறிந்திருந்தனர். அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியில் பணியாற்றிய ரம்பியஸ் என்பார் இதனைக் குருடாக்கும் மரம் என்றே எழுதினார். அவரும் 1670-இல் பார்வை இழந்தவர்தாம். ஆயினும் அதற்குக் காரணம் இம்மரம் அன்று. லின்னேயஸ் 1759-இல் எக்ஸ்கோகேரியா எனப் பெயரிட்டதும் இலத்தீனில் அதே பொருள் தருவதே.

இத்தகைய செடி, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் ஒரு நகருக்கு எவ்வாறு பெயர் தந்தது? இங்கேதான் செடியின் இயல்பு வரலாற்றுக்குச் சான்றாக வருகிறது. உப்புக்கழி எட்டாத இடத்தில் தில்லைக்காடு தானாகத் தோன்றுவதில்லை. ஆகவே, இன்று நெல் விளையும் அந்நிலப்பகுதியின் அருகே ஒரு காலத்தில் உவர்க்கழி இருந்தது எனக் கொள்வது பொருந்தும். ஆறுகள் கொணர்ந்த வண்டலால் கழிமுகம் கிழக்கே நகர்வது இயற்கை. அலையாத்திக் காட்டின் நிலப்பக்க விளிம்பில் வாழ்வது தில்லை. ஆதலின் கழி விலகும்போது ஊரை விட்டு இறுதியாக நீங்குவதும் அதுவாகவே இருந்திருக்கும். மனிதரின் கோடரியும் ஏரும் அதனை விரைவுபடுத்தியிருக்கும். நெய்வேலி மாணவர்க்கு இவ்வகைச் சான்று புதிதன்று. இங்கு வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி முழுவதும் பண்டைச் சதுப்புக் காடுகளின் எச்சமே. அதில் தங்கிய மகரந்தத் துகள்களைக் கொண்டு அறிஞர் அக்காட்டின் செடிகளை அறிந்தனர். சிதம்பரத்திலோ காடு தன் பெயரை மட்டும் விட்டுச் சென்றது.

எஞ்சிய காடும் துன்பம் படாமல் இல்லை. சென்ற நூற்றாண்டில், பிச்சாவரக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முற்றிலும் வெட்டும் வழக்கம் இருந்தது. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது; ஏறிய ஓதநீர் இறங்க வழியின்றித் தேங்கியது; நீர் ஆவியாக, உப்பு மிகுந்தது; நாற்றுகள் மடிந்தன. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து மீள வழிசெய்தனர். காடு மறுபடியும் தழைத்தது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் மறைவில் இருந்த சிற்றூர்கள் வெட்டவெளியில் இருந்தவற்றைக் காட்டிலும் குறைவாகவே சேதமுற்றன என்று ஆராய்ந்தோர் எழுதினர்.

பிச்சாவரம் செல்லும் மாணவர்கள், படகிலிருந்து இறங்கியதும் கரையின் உட்பக்க மேட்டைப் பாருங்கள். பச்சைப் புதரிடையே ஒன்றிரண்டு சிவந்த இலைகள் தெரிந்தால் அதுவே தில்லையாக இருக்கலாம். படகோட்டியைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இலையை மட்டும் பறிக்காதீர்கள். பறித்துவிட்டால், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.